கும்பிடு போட்ட குதிரை

இது வீட்டுக்கு எழுதுவது; வேறு யார் வாசித்தாலும் தெரியட்டும், என் பெயர் ஹுங்கு. வயது இருபத்து மூன்று. இந்தோனேசியாவில் குதிரைக்குப் பேர்போன சும்பா தீவில் பிறந்து, இப்போது ஜாவாவில் புரோமோ எரிமலை அடிவாரத்தில் இருக்கிறேன். இங்கே குளிர் அதிகம். விரல் விறைத்துப்போவதால் போனிடம் பேசிப் பேசித்தான் இதை எழுதுகிறேன். அம்மா, அக்கா, எல்லோரும் நலமா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். படம் அனுப்பினேனே, மெலாத்தி என்ற வெள்ளைக் குதிரை, அது என்னுடையது அல்ல. முதலாளி மிஸ்தோனோ அண்ணனுடையது. சுற்றுலா வருகிறவர்களை அதில் ஏற்றி, மணல்வெளி தாண்டி மலைப் படிக்கட்டு வரை நடத்திப்போவதுதான் என் வேலை. நம் ஊரில் பெரிய வீட்டு ஆண்களைத்தான் அவர்களுடைய குதிரையின் பெயரால் அழைப்பார்கள். படத்தைப் பார்த்த பிறகு நீங்கள் என்னையும் மெலாத்தி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நம் வீட்டில் இருந்தது ஒரு கோழி. அதன் பெயரால் கூப்பிட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனாலும் நான் மறுக்கவில்லை.

தினம் ஒரு படம் கேட்டீர்கள். மெலாத்தியோ சாணத்தில் படுத்து எழுந்தால் வயிறெல்லாம் மஞ்சள். அதனால் ராத்திரியில் கயிற்றைக் குட்டையாக்கி லாயத்து உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினேன். நிற்கலாம், தின்னலாம், படுக்க முடியாது. காலையில் அண்ணன் வருவதற்குள் கயிற்றைப் பழைய நீளத்துக்கு மாற்றிவிடுவேன். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் ஊர்க் குதிரைகள் புல்வெளியில் அவிழ்ந்து கிடப்பவை. அவை எப்போதாவது படுக்குமா என்று நான் பார்த்ததில்லை. குதிரைத் தீவுக்காரன் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் போயிற்று. சுரபாயாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் மேலே இருக்கும்போது மெலாத்தியின் கண் சொருகியது. முன்னங்கால் மடிந்து மூக்கு மணலில் இடித்தது. உடனே விழித்து எழுந்துகொண்டது.

"கும்பிடு போடுதும்மா. உங்களப் புடிச்சிருக்கு போல," என்றேன்.

அவர் சிரித்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கால் மணி நேரத்தில் அதுவே செய்தது.

கும்பிடும் குதிரை என்று பெயர் பரவியது. பாதையோரம் சோளம் சுடும் சுலாஸ்த்ரி அக்கா மட்டும் என்னை நிறுத்தினார். அவர் அப்பாவும் குதிரைக்காரர்.

"ஏய் சும்பா, அது கும்பிடலடா. தூக்கமில்லாம மயங்கி விழுது. ராத்திரி படுக்குதா இல்லியா?"

"குதிரைத் தீவுல பொறந்தவனுக்கே பாடமாக்கா?"

"தீவு முழுக்கக் குதிரையா இருந்து என்ன, எங்களுக்கு ஒரு கழுதையத்தானே அனுப்பிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. சிவப்புத் துணி வாங்கி, மணி கோத்து, முழங்காலை மறைத்துக் கட்டினேன். படம் அழகாக வந்தது. நீகூட இதயக்குறி போட்டிருந்தாய், அக்கா.

கயிற்றை நீட்டவில்லை. விடுமுறைக் கூட்டம் முடியட்டும் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை படிக்கட்டுக்குக் கீழே, மழைநீர் அறுத்த பள்ளத்தின் விளிம்பில் மெலாத்தி கும்பிட்டது. மேலே இருந்தவர் மலாங் ஊர் ஆசிரியை, பெயர் ரெத்னோ. "கும்பிடச் சொல்லுங்க தம்பி, வீடியோ எடுக்கறேன்," என்று அப்போதுதான் கேட்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து உருண்டார்கள். ஆசிரியைக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பாரா என்று மருத்துவருக்கே தெரியவில்லை. நான் இறங்கிப் போவதற்குள் மெலாத்திக்கு மூச்சு நின்றிருந்தது. அது படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நெஞ்சு பலவீனமான குதிரை போலண்ணே," என்று மிஸ்தோனோ அண்ணனிடம் சொன்னேன்.

"வாங்கும்போதே நான் பாத்திருக்கணும் தம்பி. உம்மேல ஒரு தப்பும் இல்ல," என்று சொல்லி, குளிருக்குத் தோளில் சுற்றியிருந்த கைலியை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டார்.

நோய்க் குதிரையை ஓட்டவிட்டார் என்று வரும் ஞாயிறு குதிரைக்காரர் சங்கம் அவரை நீக்கப்போகிறது. முப்பது வருடம் இந்த மணலில் நடந்தவர். கயிற்றைக் கட்டியவன் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் வேறொருவர் எனக்கு வேலை கொடுத்துவிட்டார். இது பழுப்புக் குதிரை. அழுக்குத் தெரியாது. அதனால் கயிற்றை நீளமாகவே விட்டிருக்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்பதற்கு வேறென்ன வேண்டும்.

இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் ஒரே வேண்டுகோள். மிஸ்தோனோ அண்ணன் காதுக்கு இது போக வேண்டாம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர், தாங்கமாட்டார்.