ராகிக் கதிர் போட்ட ஆர்டர்

"எத்தனை மிஷின் வேணும்னு என்னைக் கேக்காதீங்க, இதைக் கேளுங்க."

மார்க்கெட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த தையல் மிஷின் கடைக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு ராகிக் கதிரை எடுத்துப் பக்கத்திலிருந்த கம்பெனி ஏஜெண்டிடம் நீட்டினார்.

"என்ன முதலாளி இது?"

"நேத்து ஹொஸ்கோட்டையில ஒரு வயல்ல பறிச்சேன். அறுப்பு நல்லா இருந்தாத்தான் அங்க கல்யாணம். கல்யாணம்னா பொண்ணுக்கு ஒரு மிஷின் சீதனம்."

"போன வருஷம் முப்பது எடுத்தீங்களே?"

"உங்க பேச்சைக் கேட்டு எடுத்தேன். மழை ஏமாத்திடுச்சு. மிஷின் மேலெல்லாம் என் சம்சாரம் ஊறுகாய் ஜாடி அடுக்கி வெச்சா."

ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே கதிரை வாங்கிக் கையில் எடை பார்த்தார்.

"இந்த வருஷம்?"

"அம்பது எழுதிக்குங்க சார்."

"பம்பாய் ஹெட் ஆபீஸ்ல காரணம் கேப்பாங்களே?"

"கதிரையே கவர்ல போட்டு அனுப்புங்க."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சட்டென்று அந்தக் கதிரை வாங்கினார். உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, மணிகளை உற்றுப் பார்த்தார்.

"அம்பது பத்தாது சாமி. என் பொண்ணுக்கு ஒண்ணு இப்பவே எடுத்து வெச்சிடுங்க."