கல்லறைச் சுவர் வளைஞ்ச கதை

ரோடு வாறதுக்கும் முந்தி, ரயிலு வாறதுக்கும் முந்தி, தேரிக்காட்டு ஓரத்துல செங்காட்டுவிளைன்னு ஒரு ஊரு. பனையேறிக ஊரு, அம்புட்டு பேரும் வேதக்காரவ, கிறிஸ்தவங்க. அங்க செவத்தியம்மான்னு ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். அந்த ஊர்ல பிறந்த பிள்ளைகள மொதல்ல ஏந்துன கை அவ கைதான்.

மருத்துவச்சின்னா பிள்ளை எடுக்கது மட்டும் இல்ல, கேட்டுக்கோங்க. பூசை வைக்கச் சாமியார் மாசத்துக்கு ஒருக்கத்தான் வண்டி கட்டி வருவாரு. பிள்ளை பொழைக்காதுன்னு தெரிஞ்சா மருத்துவச்சியே நெத்தியில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திரணும். பதநீர் ஆகாது, பாலு ஆகாது, தண்ணிதான் ஊத்தணும். தண்ணி ஊத்தாமச் செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடம் கெடையாது. சுவத்துக்கு வெளிய, உடைமுள்ளுக்குள்ள குழி. சிலுவை வைக்கப்பிடாது. அப்படி ஒரு சட்டம் வச்சிருந்தாவ. என்ன சட்டமோ, போங்க.

ஒரு சித்திரை மாசம். ஊரே பனங்காட்டுக்குள்ள விடிலி போட்டுக் குடியிருக்கு. விடிலின்னா பதநீர் காய்ச்சுத ஓலைக்குடிசை. தொம்மைன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி மிக்கேலம்மாவுக்கு ஏழாம் மாசத்துலயே வலி கண்டுட்டு. நல்ல உச்சி வெயிலு. தொம்மை எங்கயோ பனை உச்சியில நிக்கான். செவத்தியம்மாதான் ஓடி வந்தா.

உள்ள பாத்தா பானை பானையா பதநீர். தண்ணி ஒரே ஒரு செம்பு. கிணறு ரெண்டு மைலு.

"அத்தே, தண்ணி. நாக்கு ஒட்டுது அத்தே."

"பொறுட்டி, பதநீர் தாறேன்."

"அது கொமட்டுது அத்தே. தண்ணி தாங்க."

அவளுக்குக் கண்ணு சொருகுது. செவத்தியம்மா என்ன செய்வா? செம்பத் தூக்கி வாயில வச்சிட்டா. மிக்கேலம்மா ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. கொஞ்ச நேரத்துல பிள்ளை வந்துது. பொட்டப்பிள்ளை. ஒரு மூச்சு எடுத்துது. இன்னொரு மூச்சு எடுத்துது. செவத்தியம்மா செம்பக் கவுத்துக் கவுத்துப் பாக்கா, ஒண்ணும் இல்ல. மூணாவது மூச்சு வரல.

தொம்மை இறங்கி ஓடியாந்தான். "தண்ணி ஊத்தினியளா?"ன்னு கேட்டானாம்.

அந்தப் பொய் அவ வாயில எப்படித்தான் வந்துதோ. "ஊத்திட்டேன் மக்கா. மரியான்னு பேரும் வச்சேன்"னுட்டா. மிக்கேலம்மா ஓலைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. பிள்ளையத் தோட்டத்துக்குள்ள அடக்கம் பண்ணினாவ, சிலுவையும் வச்சாவ.

அன்னையிலேருந்து செவத்தியம்மாவுக்குச் சோறு இறங்கல. சாமியார்கிட்ட உண்மையச் சொன்னா பிள்ளையத் தோண்டி முள்ளுக்குள்ள போடுவாவ. சொல்லாட்டி ஆண்டவருக்கு முன்னால பொய்க்காரி. ஞானஸ்நானம் இல்லாமப் போன அந்த உசுரு எங்க கிடந்து தவிக்கோன்னு வேற நெனப்பு. சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனத்துக்குப் போகல, பூசையில நன்மை அப்பமும் வாங்கல. "பூசை நேரம் பாத்துத்தான் எவளுக்காவது வலி வருதுன்னு இவ ஓடிருதா"ன்னு பொம்பளைய சிரிப்பாவளாம். ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல. பன்னெண்டு வருசம்.

பன்னெண்டாம் வருசம் வடக்குத்தெருவுல ஒரு பொண்ணுக்குத் தலைச்சன் பிள்ளை. செவத்தியம்மா போய்ச் சேருமுன்ன பிள்ளை பிறந்து செத்துட்டு. முள்ளுக்குள்ள கொண்டு வச்சிட்டு வந்தாவ. அந்தப் பொண்ணு செவத்தியம்மா கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதா. "இந்தக் கை வந்திருந்தா என் பிள்ளையும் உள்ள இருந்திருக்கும். மிக்கேலம்மாக்காவுக்கு வாய்ச்சது எனக்கு வாய்க்கலையே."

அந்தக் கைய வச்சுக்கிட்டு அவளால வீட்டுல இருக்க முடியல. அந்த மாசம் சாமியார் வந்ததும் நேரா போய் முட்டங்கால் போட்டா.

"சாமி, நான் சொல்லுதத வெளிய சொல்லுவியளா?"

"கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன். சொல்லும்மா."

சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. கேட்டுட்டுக் கிழட்டுச் சாமியார் சொன்னாராம்.

"சிலுவையில கெடந்தவரு தாகம்னாரு, அவருக்குப் புளிச்ச காடியக் குடுத்தாவ. நீ தாகம்னவளுக்குத் தண்ணி குடுத்திருக்க. அது பாவம் இல்ல. பொய் சொன்னியே, அது பாவம். அத ஆண்டவர் மன்னிச்சிட்டாரு."

"அந்தப் பிள்ளை சாமி?"

"தண்ணி ஊத்தணும்னு நமக்குத்தான் கட்டளை. அது இல்லாம இரக்கப்பட அவருக்கு வழி தெரியாதுன்னா நெனைக்க? போ, மூணு அருள் நிறை மரியே செபம் சொல்லு."

"பன்னெண்டு வருசத்துக்கு மூணுதானா சாமி?"

"மிச்சத்த அவரு சிலுவையில முடிச்சிட்டாரும்மா."

அழுதா, அழுதா, தரை நனைய அழுதாளாம். அன்னைக்குப் பூசையில நன்மை வாங்குனா. வாங்குன கையோட மிக்கேலம்மா வீட்டுக்குப் போனா. அவ கருப்பட்டிய வெயில்ல காய வச்சுக்கிட்டு இருந்தா.

"மக்ளே, உன் பிள்ளைக்கு நான் தண்ணி ஊத்தல."

"தெரியும் அத்தே."

மிக்கேலம்மா கருப்பட்டியப் பெரட்டிப் போட்டுக்கிட்டே சொன்னா.

"செம்புல இருந்தத நான்தான குடிச்சேன். என் பிள்ளைக்கு உள்ளத நான் குடிச்சிட்டேன் அத்தே. சொன்னா பிள்ளையத் தோண்டுவாவ, உங்களையும் தள்ளி வைப்பாவன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பாருங்க, ஒரு செம்புத் தண்ணிக்கு ரெண்டு பொம்பளைய பன்னெண்டு வருசம் தனித்தனியா வெந்திருக்காவ. அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு ஒருத்திக்கு ஒருத்தி சொல்லல. "எந்திரிட்டி, எனக்குக் கெடச்சது உனக்கும் கெடைக்கும்"னு செவத்தியம்மா அவளக் கையப் புடிச்சுக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனாளாம். அவளும் முட்டங்கால் போட்டா, அவளும் அழுதா.

வெளிய வந்தவுக வீட்டுக்குப் போகல. ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உடைமுள்ளுப் பக்கம் இருந்த கீழச் சுவத்துக் கல்ல ஒவ்வொண்ணாப் பேத்து எடுக்க ஆரம்பிச்சிட்டாவ. ஊரு கூடிட்டு. ஊர்த்தலைவர் சந்தியாகு கம்ப ஊணிக்கிட்டு வந்தாரு.

"என்னட்டி செய்திய? கிறுக்கு புடிச்சிருக்கா?"

மிக்கேலம்மா நிமிந்து நின்னா. எதுத்து வாய் பேசாதவ அவ. "என் பிள்ளைக்கும் தண்ணி ஊத்தல மாமா. எங்க ரெண்டு பேரையும் ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. இப்ப நீங்க சொல்லுங்க. அவளத் தோண்டி வெளிய போடுதியளா, இல்ல இந்தச் சுவத்த அந்தப் பக்கம் தள்ளி வைக்கியளா?"

அந்த வடக்குத்தெருப் பொண்ணு, பச்ச உடம்புக்காரி, கூட்டத்த விலக்கிட்டு வந்து ஒரு கல்லத் தூக்குனா. அவளுக்குப் பொறவு முள்ளுக்குள்ள பிள்ளை கெடக்க தாய்மாரெல்லாம் வந்தாவ. அப்பந்தான் தெரிஞ்சுது, அத்தன வீட்டுப் பிள்ளைக அங்க கெடந்திருக்கு. கடைசியில சாமியாரும் வந்து அங்கிய இடுப்புல செருகிக்கிட்டுக் கல்லு சுமந்தாரு. "மேலெடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்"னாராம்.

இன்னைக்குப் போனாலும் பாக்கலாம். நேரா வாற கீழச் சுவரு அந்தப் பிள்ளைக கெடக்க எடத்துல மட்டும் வெளியத் தள்ளி வளைஞ்சு போயிருக்கும். நேராக்கிக் கட்டுனா கல்லு மிச்சம்னு எந்தக் கொத்தனார் சொன்னாலும் ஊர்ல விட மாட்டாவ. மருத்துவச்சி வளைவுன்னு அதுக்குப் பேரு.

செவத்தியம்மா சாகும்போது, "எனக்கு மன்னிப்புக் கெடச்சிட்டு, எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்தப் பிள்ளைக ரொம்ப நாள் தனியாக் கெடந்துட்டு. என்ன அதுக பக்கத்துல வைங்க"ன்னாளாம். வளைவுக்குள்ள இருக்கதெல்லாம் முழ நீளக் குழி. நடுவுல ஒண்ணு மட்டும் பெரிய ஆளு நீளத்துக்கு இருக்கும்.