காடோங் கொடி

இல்லைங்க கிராணி ஐயா, வடிவேலு ஓடிப்போகல. என் புருசன் ஓடுற ஆளு இல்ல. வீட்லதான் இருக்காரு. சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஆளேத்துற லோரி நாலு மணிக்குத்தானே, இன்னும் நேரம் கிடக்கு. வாங்க, நிழலாப் போவோம். எங்க கூலி லைன் வீடுங்க இந்தச் செடித் தோட்டத்துக்கு அந்தக் கோடியில இருக்கு.

நீங்க இங்க வந்ததே இல்லையா? சிங்கப்பூர்ல இத்தனை வருசம் இருந்துகிட்டா? நல்லா இருக்கு போங்க. இங்க வெளியூர்ச் செடி ஒண்ணு கிடையாது, எல்லாம் இந்த நாட்டுக் காட்டுல முளைக்கிறது. வெள்ளைக்காரத் தொரை ஒண்ணொண்ணாக் கொண்டாந்து வச்சுத் தகரத்துல பேரு எழுதி மாட்டினாரு. ஜப்பான்காரன் அதைப் பிடுங்கிட்டு அவன் எழுத்துல மாட்டியிருக்கான். எனக்கு ரெண்டும் தெரியாது. களை எடுக்கிறவளுக்கு இலை தெரிஞ்சாப் போதும். பார்த்து, அது பிரம்பு, காலுல போட்டிருக்கிற சிலுவாரைப் பிடிச்சு இழுத்துடும்.

ஏன் வாசலையே திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? அந்த ஜப்பான் சிப்பாய்ங்க அங்கயே நிக்கட்டும். நீங்க எழுதின பேர்க் கணக்குல ஆள் ஒண்ணு குறைஞ்சா உங்களைத்தான் அறைவாங்கன்னு எனக்கும் தெரியும்லா. ஆனா என் அண்ணன் சுந்தரம் மூணு மாச வேலைன்னுதான் சயாமுக்குப் போச்சு. வருசமாச்சு. ரயில் ரோட்டோரமே குழி வெட்டிப் போடுறாங்களாம், தப்பி வந்த ஒருத்தன் சொன்னான். என் புருசனை விடமாட்டேன்னு அதைக் கேட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

வாந்தி மயக்கம்னு கிடக்கிறவனை லோரியில ஏத்த மாட்டோம்னு நீங்கதானே போன வாரம் வாசல்ல சொன்னீங்க? ஆமா, நீங்கதான். நான் பக்கத்துலதான் நின்னேன்.

தொடாதீங்க, கொடியில முள்ளு. மூணு மூணு இலையா இருக்கு பாருங்க, இது காடோங். தோண்டினா அடியில கிழங்கு மண்டிக் கிடக்கும். அரிசி இல்லாத காலம், இதையும்தான் திங்கிறோம். ஆனா விசம். மெல்லிசாச் சீவி, உப்புல பெசறி, ஓடுற தண்ணியில மூணு நாள் போடணும். கூட வேலை செய்ற ஹலீமா படிச்சுப் படிச்சுச் சொன்னா.

நான் ரெண்டு நாள்தான் போட்டேன். தெரிஞ்சேதான் எடுத்தேன். கொஞ்சம் தலை சுத்தும், ரெண்டு நாள் வாந்தி எடுப்பாரு, லோரி போயிடும்னு நினைச்சேன். அவருகிட்டச் சொல்லல, சொன்னா வாயில வைக்க மாட்டாரு. நேத்து மத்தியானம் நல்ல பசி அவருக்கு. நீயும் தின்னுடீன்னு ரெண்டு தடவை சொன்னாரு. பசிக்கலைன்னுட்டேன்.

அதோ, அந்தத் தகரக் கூரைதான். கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. நீங்க முன்னாடி போங்க ஐயா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அவருக்கு மூச்சு நின்னுடுச்சு. எனக்குத் தனியா உள்ள போகப் பயமா இருக்கு, அதான் உங்களைக் கூட்டியாந்தேன்.