நிறுத்தச் சொன்ன கை

விடியற்காலை மூன்று மணி. கோரிமேட்டைத் தாண்டினால் ஒரு விளக்கு கிடையாது. புளியமரம், இருட்டு, மறுபடி புளியமரம்… அந்தச் சாலையில் ஒரு லாரி போகிறது. பின்னால் பாய் விரித்து மில்காரர் குடும்பங்கள். மடியில் குழந்தைகள், காலடியில் புளிச்சோற்றுத் தூக்கு. பாட்டும் சிரிப்புமாகப் போக வேண்டிய லாரி. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள், பனி இறங்குகிறது. வேலைநிறுத்தம் முடிகிறவரை இந்த மில் வாசல்தானே நமக்கு வீடு. இது என் கூட்டாளி இராமதாஸின் அக்காவுக்கு நடந்தது. அவனும் அந்த லாரியில் இருந்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆடிப்பெருக்கு.

அக்கா பெயர் அங்கம்மாள். பிள்ளைச்சாவடிக்காரி. அவள் புருஷன் சுப்ரமணி நெய்தது இதே தறிக்கொட்டகையில்தான். இதோ, நமக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறதே… இதில். அந்த வருஷம் மாசியில் ஓடுகிற பெல்ட்டு அவன் வலது கையை இழுத்துக்கொண்டது. தண்டோடு சேர்த்துச் சுற்றி… வேண்டாம். அதற்குமேல் சொல்லமாட்டேன். ஆள் பிழைக்கவில்லை.

கொட்டகைக்குள் வாயால் பேச முடியாது, உங்களுக்கே தெரியும். அவ்வளவு இரைச்சல். பீடி கேட்பதற்கும் கைதான், மேஸ்திரி வருகிறான் என்பதற்கும் கைதான். தலைக்கு மேல் முஷ்டியைத் தூக்கி இரண்டு இழுப்பு இழுத்தால், லைனை நிறுத்து என்று அர்த்தம். நிறுத்துகிற பிடி மேஸ்திரி ஜானகிராமன் பக்கத்தில். பிடித்து இழுத்தால் கொட்டகை முழுக்க நிற்கும். துணி நிற்கும். துரைக்குக் கோபம் வரும்.

சுப்ரமணி கையைத் தூக்கினானா, இல்லையா? “தூக்கவே இல்ல. அவன் கவனக்கொறைவு” என்றான் ஜானகிராமன். அதோடு முடித்துவிட்டார்கள். அங்கம்மாள் வீடு வீடாகப் போனாள். பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. “எம் புருஷன் கைய தூக்குனாரா? அத மட்டும் சொல்லுங்க.” அத்தனை ஆம்பிளைகளும் அந்த நேரத்தில் தங்கள் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்! த்தூ. வெள்ளைக்காரன் கப்பலேறினான், கொடி மாறியது. நம் ஆட்களுக்குக் குனிந்த தலை நிமிரவில்லை.

கொட்டகையில் முணுமுணுப்பு அடங்கவில்லை. அதை அடக்கத்தான் மில் செலவில் அருவிக்குப் பயணம். கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்றார்கள். அங்கம்மாளும் கிளம்பினாள். “அவன் குடுக்கற சோத்துக்கா போற?” என்று இராமதாஸ் கத்தினான்.

“அத்தினி பேரும் ஒரே எடத்துல இருப்பானுங்கடா. ஒருத்தனாவது வாய தெறக்காமலா போயிடுவான்?”

அவள் லாரி ஏறி நடுவில் உட்கார்ந்ததோடு பாட்டும் சிரிப்பும் போயின. அடிவாரத்தில் லாரி நின்றது. பிறகு நடைதான். ஒற்றையடிப் பாதை, வழுக்குப் பாறை, மூங்கில். ஜானகிராமன் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். “இன்னாய்யா தெய்வநாயகம், இதுக்கே மூச்சு வாங்குது?”

“பஞ்சு தின்ன நெஞ்சு மேஸ்திரி. நீங்க காத்தாட நிக்கிற ஆளு” என்றான் தெய்வநாயகம். சுப்ரமணிக்கு அடுத்த தறிக்காரன் இவன்.

அருவி தெரிவதற்கு முன்பே சத்தம் வந்தது. தடதடதட… கொட்டகைச் சத்தமேதான். பக்கத்தில் போகப் போக ஆம்பிளைகள் பேச்சை விட்டார்கள். கைகள் தாமாகவே பேச ஆரம்பித்தன. ‘துண்டு கொடு.’ ‘குழந்தையைப் பிடி.’ பெண்டாட்டிகள் சிரித்தார்கள். “மலைக்கு வந்தும் மில்லுதானா?”

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ஜானகிராமன் மகள் கரையோரம், முழங்கால் தண்ணீரில். அவன் இடுப்பளவில்.

அப்போது ஒரு வாசனை.

பாசி வாசனை இல்லை. ஈர மண் வாசனை இல்லை. பெல்ட்டுத் தோல் கருகுகிற வாசனை… சூடான கிரீஸ்.

ஆம்பிளைகளின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

விழுகிற தண்ணீருக்குப் பின்னால் ஒரு கை. முழங்கைக்கு மேலேதான் தெரிந்தது. இடது கை. முஷ்டியில் சுண்டுவிரல் இல்லை. இரண்டு இழுப்பு. நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு…

புருஷனின் அந்த விரலை முன்பு தறி தின்ற அன்று அங்கம்மாள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கையைத் தூக்குவது என்று கேட்டிருக்கிறாள், அந்த இரண்டு இழுப்புக்கு அர்த்தம்தான் தெரியாது. தெய்வநாயகத்தின் காதுக்குள் கத்தினாள். “அண்ணே, அந்தக் கை இன்னா சொல்லுது?”

அவன் தரையைப் பார்த்தான். அவள் அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். “சொல்லுய்யா!”

“நிறுத்தச் சொல்லுதும்மா… லைன நிறுத்தச் சொல்லுது.”

அங்கம்மாள் ஜானகிராமனைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். ‘அன்றைக்கும் இதானே?’ என்று கேட்பதுபோல அப்படியே நின்றாள்.

அவன் அருவியைத் திரும்பிப் பார்த்தான். கையை விரித்து ஆட்டினான். அங்கே ஒன்றும் இல்லை, குளியுங்கள் என்று. பார்த்தேன் என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால் மாசியையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகவே அருவியை நோக்கி இன்னும் உள்ளே நடந்தான்.

தெய்வநாயகம் இந்த முறை சும்மா இருக்கவில்லை. குதித்து முதல் பிள்ளையை வாரினான். அவனைப் பார்த்து மற்றவர்கள். மேஸ்திரி மகளை வாரியது அங்கம்மாள். கடைசிப் பிள்ளை பாறையேறியதும் தண்ணீர் சிவந்தது. மேலே எங்கோ மழை. மரமும் கல்லுமாக வெள்ளம் இறங்கியது.

ஜானகிராமன் திரும்பினான். கால் பாறை இடுக்கில். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அவன் இடது கையைத் தூக்கினான். முஷ்டி. இரண்டு இழுப்பு.

வேட்டிகளை முடிச்சுப் போட்டு வீசினார்கள். எட்டவில்லை. அருவிக்கு ஏது பிடி, இழுத்து நிறுத்த?

அங்கம்மாள் அவன் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பாறை விளிம்பில் நின்று கத்தினாள். “பாத்தேன்டா! நீ கைய தூக்குன, நான் பாத்தேன்!” அந்த இரைச்சலில் அவள் குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்டதாம்.

போலீஸ் வந்து விசாரித்தது. அங்கம்மாள் முன்னால் வந்தாள். “மேஸ்திரி கைய தூக்குனாரு, நான் பாத்தேன். மாசியில எம் புருஷனும் தூக்குனாரு. ரெண்டையும் எழுதுங்க.”

“நானும் பாத்தேன். ரெண்டையும்” என்றான் தெய்வநாயகம். பிறகு இன்னொருவன். பிறகு எல்லோரும்.

போலீஸ்காரர் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.

உடல் மறுநாள் மதியம் கிடைத்தது, வெகு தூரம் கீழே. தூக்கியிருந்த இடது கைக்கு ஒரு கீறல் இல்லை. வலது கை… துணி பிழிந்தாற்போல் முறுக்கி, தோள்வரை சுற்றியிருந்தது. பாறையில் அடிபட்டது என்றார்கள். இருக்கட்டும். பாறையில் ஏது கிரீஸ்? மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரே கருப்புப் பட்டை, பெல்ட்டு அகலத்துக்கு.

ஜானகிராமன் பெண்டாட்டி அதைத் துடைக்க முந்தானையோடு குனிந்தாள். தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஓர் இரவும் பாதிப் பகலும் தண்ணீரில் கிடந்த உடம்பு…

“சுடுது” என்றாள்.