மாமாவின் மாத்திரைக்கு ஒரு டிக்

வேலையை முடித்து டிக் போட்டால் என் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், ஐயா. அதைக் கேட்பதற்காகவே பல் தேய்ப்பதைக்கூடச் செயலியில் எழுதிவைத்துத் தேய்க்கிறவன் நான்.

முதலில் ஆபீஸ் வேலைக்குத்தான் வைத்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் வீட்டையும் அதிலேயே ஏற்றிவிட்டேன். மனைவியின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அவள் துணிக்கடையில் கால் கடுக்க நிற்கிறவள். டிக் விழுந்தால் போதும், போன் செய்து கேட்கமாட்டாள்.

ஆபீஸ் வேலைகள் தேவலை, முடித்தால் ஒழிந்துபோகும். வீட்டு வேலைகள் சில மறுநாள் காலையில் பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்கும். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் மாமனார் கணக்கு. மாமாவுக்கு இதய மாத்திரை, மாமாவைக் குளிப்பாட்ட, மாமாவின் கண்ணாடியைத் தேட. தங்கமான மனிதர். ஞாபகம்தான் கழன்றுவிட்டது.

எங்கள் மேலாளர் ஒருமுறை சொன்னார்: "ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தா, எங்கேருந்து வருதுன்னு பாருங்க. அங்கேயே முடிச்சிடுங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். டிக்கை நிறுத்தவில்லை.

"மாப்ளே, மாத்திரை போட்டுக்கிட்டேனா?" என்பார். போனைக் காட்டுவேன்.

"அட, டிக் இருக்கே. நீங்க இல்லேன்னா என் கதி என்ன மாப்ளே?"

எனக்கும் மனசு கலங்கத்தான் செய்தது. பிஸ்கட் ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது எனக்கு மீட்டிங். அதை முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

ஒரே ஒரு சறுக்கல். மாத்திரை வாங்குவது தனி வேலை, அதை மாதாமாதம் ஒழுங்காகச் செய்துவந்தேன். பிரிக்காத அட்டைகளைத் தூக்கிப்போட வேண்டும் என்று எழுதிவைக்கவில்லை. எழுதாதது எனக்கு நினைவில் நிற்காது. மனைவி அலமாரியைத் திறந்தாள்.

கத்தவில்லை. அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, "எங்கப்பா உங்களை நம்பினாரே," என்றாள். மறுநாள் காலையிலும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளையும் முடித்துவிடுவேனோ என்றுதான் நானே ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன், ஐயா. பெண்டாட்டி மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.