இன்னிக்கு நிறம் பச்சை

அந்தச் சேர் வேணாம் மேடம், அதுக்கு ஒரு கால் குட்டை. போன மாசம் டாக்டரையே கவுத்து விட்டுடுச்சு. இதுல உக்காருங்க, ஃபேன் காத்தும் வரும்.

டெய்லர் அக்கா விஷயமா விசாரிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். ஆமா, நான்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த எடம் எப்படி ஓடுதுன்னு தெரியாம அத மட்டும் எழுதிக்கிட்டுப் போனீங்கன்னா, உங்க மேலதிகாரி படிச்சுட்டுத் தலையச் சொறிவாரு. அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நான் வளவளன்னு பேசுவேன், அது கூடவே பொறந்தது.

கீழ குழந்தைங்களுக்குத் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு. மாடில நாங்க. போதைப் பழக்கத்த விடணும்னு நெனைக்கறவங்க எங்ககிட்ட வருவாங்க. படுக்கையெல்லாம் கெடையாது. காலைல வரணும், நாக்குக்கு அடில மாத்திரைய வெச்சுக்கிட்டு அது கரையற வரைக்கும் சிஸ்டர் முன்னாடி வாய மூடி உக்காரணும், அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்து ஒரு மணி நேரம் பேசணும், வீட்டுக்குப் போகணும். மொத்தம் நாப்பது பேரு. டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள். மத்தபடி சிஸ்டரும் நானும்தான். நான் பதிவு கிளார்க். பேரு எழுதறது, ஃபைல் எடுக்கறது, கப்புல ஸ்டிக்கர் ஒட்டறது.

கப்பு எதுக்கா? யூரின் டெஸ்டுக்கு. என்னிக்கு டெஸ்ட்னு முன்னாடியே தெரிஞ்சா அன்னிக்கு மட்டும் நல்ல புள்ளையா வருவாங்கல்ல. அதனால ஆளுக்கு ஒரு கலர். மொத்தம் ஆறு கலர். தினமும் சாயங்காலம் டப்பாலேர்ந்து ஒரு கலர எடுத்து, நான் ஒரு போன் நம்பர்ல பேசிப் பதிவு பண்ணிடுவேன். மறுநாள் காலைல ஆறு மணிலேர்ந்து எல்லாரும் அந்த நம்பருக்குப் போன் பண்ணிக் கேக்கணும். "வணக்கம். இன்னிக்கு நிறம் மஞ்சள்." மஞ்சக்காரங்க அன்னிக்கு வந்து கப்ப வாங்கணும். கடைசில ஒரு வரி சேத்துச் சொல்லச் சொன்னாரு டாக்டர். "கொஞ்ச நாள் நிறுத்தி இருந்தவங்க பழைய அளவ மறுபடி எடுத்தா உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து." நான் அதயும் கொஞ்சம் ராகம் போட்டுச் சொல்வேன், கேக்க நல்லா இருக்கணும்ல.

எங்க வீட்ல நான் வாயத் தொறந்தா அப்பா டிவி சத்தத்தக் கூட்டுவாரு மேடம். இங்க நாப்பது பேரு, கண்ணு முழிச்சதும் என் கொரலத்தான் கேக்கறாங்க. பல்லு கூட அப்புறம்தான் வெளக்கறாங்க.

எனக்கு ரேடியோன்னு பேரு வெச்சதே டெய்லர் அக்காதான். ஸ்கூல் யூனிஃபார்ம் தெக்கற கடைல அவங்களுக்கு வேலை. முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரை, மாத்திரை போயி பவுடர், அப்புறம் வரிசையா எல்லாம் போச்சு. எட்டு வயசுல ஒரு பொண்ணு. அத நாத்தனார் வீட்ல விட வேண்டியதாப் போச்சு. குழந்தைகள் நல ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க, தொடர்ந்து தொண்ணூறு நாள் சுத்தமா இருந்தா பொண்ணு அம்மாகிட்ட வரும். நடுவுல ஒரு தடவை மாட்டினாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து.

அவங்க வர்றதுக்கு முன்னாடி வட்டத்துல எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி தரையப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அக்கா மடில பொண்ணோட யூனிஃபார்ம வெச்சுக் கையால மடிப்பு தெச்சுக்கிட்டே வாயடிப்பாங்க. எங்க லாரி அண்ணன், லாரி ஓட்டறவரு, "இனிமே தொடவே மாட்டேன், இது சத்தியம்"னு எழுந்து நின்னாருன்னா, "அண்ணே, போன வாரம் பண்ணின சத்தியமே இன்னும் பொட்டலம் பிரிக்காம அப்படியே இருக்குண்ணே"ன்னுடுவாங்க. அவரே சிரிச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு. என்னையும் விட மாட்டாங்க. "டேய் ரேடியோ, விடிஞ்சும் விடியாம உனக்கு என்னடா அவ்ளோ குஷி? நாங்க மூத்திரம் குடுக்கப் போறோம், உனக்கு எதுக்குடா கல்யாணக் களை?"

டப்பால மொதல்ல காகிதச் சீட்டுதான் இருந்துச்சு. கசங்கிப் போச்சுன்னு அக்காதான் கடைலேர்ந்து ஆறு பட்டன் கொண்டு வந்தாங்க. அஞ்சு சட்டை பட்டன். பச்சைல சட்டை பட்டன் கெடைக்கலன்னு ஒரு கோட்டு பட்டன், கொஞ்சம் பெருசு. சிஸ்டர் பக்கத்துல நின்னு பாக்க, நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டு டப்பால கைய விடுவேன். கண்ண மூடினா என்ன, வெரலுக்குத் தெரியாதா. அக்காவுக்குப் பச்சை. லாரி அண்ணனுக்கும் பச்சைதான்.

இந்த ஏற்பாட்டுல ஒரு கோளாறு இருக்கு மேடம், நீங்க அதயும் எழுதிக்கணும். மொத மாசம் தினமும் வரணும், மாத்திரை அதோட முடிஞ்சுடும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். அப்புறம் ஒண்ணு. நல்லா ஆக ஆக ஆளக் கண்ணுலயே பாக்க முடியாது. அக்கா வராத நாள்ல வட்டம் உப்பு சப்பு இல்லாம இருக்கும். அதனால அப்பப்ப பச்சைய எடுத்தேன். டெஸ்டுக்குன்னு வந்தா உக்காந்து பேசிட்டுத்தான போவாங்க. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

எம்பதாவது நாள் வட்டத்துல அக்கா எழுந்து நின்னாங்க. "இன்னும் பத்தே நாள்டா ரேடியோ. என் பொண்ணு வந்துடுவா. அப்புறம் உன் கொரலக் கேக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்ல. உன் நம்பரையே அழிச்சுடுவேன்." எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வெளையாட்டாத்தான் சொன்னாங்க, எனக்கும் தெரியும். ஆனா வெளையாட்டா அழிச்சாலும் நம்பர் அழிஞ்சுதானே போகும்?

நான் நெதானமா யோசிச்சுப் பாத்தேன். தொண்ணூறு நாள் முடிச்சுட்டுப் போறவங்கள்ல பாதிப் பேரு ஆறே மாசத்துல திரும்பி இந்தப் படி ஏறி வர்றாங்க. ஃபைல் எடுக்கறவன் நான், எனக்குத் தெரியாதா. அக்கா இன்னும் கொஞ்ச நாள் எங்க கண்ணு முன்னாடி இருந்தா அவங்களுக்குத்தான் நல்லதுன்னு தோணுச்சு.

எம்பத்து மூணாவது நாளுக்குப் பச்சை எடுத்தேன். பச்சைக்காரங்க ஏழு பேரும் வந்தாங்க. ஸ்டிக்கர்ல அவங்கவங்க கையெழுத்து போடணும். கப்புல ஒட்டின பிறகுதான் போடணும்னு விதி, ஆனா நான் முன்னாடியே வாங்கி வெச்சுப்பேன், வேலை சட்டுபுட்டுன்னு முடியும். லாரி அண்ணன் அப்பதான் நாலு நாள் ஓட்டம் முடிச்சு வந்திருந்தாரு. கண்ணு ரெண்டும் குண்டூசி மொனை மாதிரி சுருங்கி இருந்துச்சு. சத்தியம் போச்சு, மறுபடி போட்டுட்டாருன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சிஸ்டர் ஏதோ மருந்து எடுக்கக் கீழ போனாங்க. அக்கா கையெழுத்து போட்ட ஸ்டிக்கர் அண்ணன் கப்புல, அண்ணனோடது அக்கா கப்புல. ஒரு தும்மல் போடற நேரம்தான்.

அந்த டெஸ்ட் பட்டைல கோடு வந்தா சுத்தம். வரலன்னா உள்ள போதை இருக்குன்னு அர்த்தம். லாரி அண்ணன் பேருக்குக் கோடு பளிச்சுன்னு வந்துச்சு, எல்லாரும் அவரு முதுகுல தட்டினாங்க. அவரு பேய் அடிச்ச மாதிரி நின்னாரு. அக்கா பேருக்கு வரல.

"சிஸ்டர், நான் தொடல. என் பொண்ணு மேல ஆணையா தொடல."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சிஸ்டர் நல்லவங்கதான், அதே கப்புல இன்னொரு பட்டைய முக்கிப் பாத்தாங்க. வரல. அக்கா என் பக்கம் திரும்பினாங்க.

"ரேடியோ, நீ சொல்லுடா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் தொட்டிருப்பனா?"

"பரவால்லக்கா. இன்னிக்கு மொத நாள்னு நெனச்சுக்குங்க. நாங்கெல்லாம் இருக்கோம்ல?"

எவ்ளோ பதமா பேசினேன் பாருங்க. சிஸ்டரே அப்புறமா என்னக் கூப்புட்டுப் பாராட்டினாங்க.

என் மேஜைல இருக்கற போன்லேர்ந்துதான் பொண்ணுகிட்ட பேசினாங்க. "இன்னும் மூணு மாசம்டா கண்ணு. இல்லடா, அம்மா ஒண்ணும் பண்ணல." அந்தப் பக்கம் என்ன கேட்டுச்சோ, "அம்மா பொய் சொல்லல"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நான் எழுந்து போயித் தண்ணி கொண்டு வந்து குடுத்தேன்.

அப்புறம் விதிப்படி தினமும் வந்தாங்க, மாத்திரை மட்டும் வேணாம்னுட்டாங்க. பத்து நாள், வருகைப் பதிவுல பத்து டிக். எனக்கு அவ்ளோ நெறைவா இருந்துச்சு. பேச்சு மட்டும் கொஞ்சம் கொறைஞ்சுபோச்சு. தெக்கறதயும் விட்டுட்டாங்க. ஒரு நாள் வட்டத்துல, "தொட்டாலும் இதான், தொடலன்னாலும் இதான்னா, அப்புறம் எதுக்கு"ன்னு ஆரம்பிச்சு பாதில நிறுத்திட்டாங்க. நான்தான் ஒரு ஜோக் சொன்னேன். அது எடுபடல.

பதினோராவது நாள் வரல. மத்தியானம் கடைல, அளவு போட்டுப் பாக்கற ரூம் கதவ ஒடைச்சுத்தான் உடம்ப எடுத்தாங்களாம். பழைய அளவையே எடுத்திருக்காங்க. உண்மைக் கணக்குப்படி பாத்தா தொண்ணூத்து மூணு நாள் சுத்தமா இருந்த உடம்பு, எப்படித் தாங்கும்? இதத்தான மேடம் நான் தினமும் காலைல தலபாடா அடிச்சுக்கிட்டேன்? அத்தனை நாளும் என் வாயால கேட்டிருக்காங்க. காதுல வாங்கினத மனசுல வாங்கலன்னா நான் என்ன பண்ண முடியும்? இன்னொண்ணு, டெஸ்ட் தப்பா சொல்லிடுச்சுன்னு ஊரே பேசுது. தப்பால்லாம் சொல்லல. பதினோரு நாள் முன்னாடியே சொல்லிடுச்சு, அவ்ளோதான்.

விஷயம் வெளிய வந்தது லாரி அண்ணனாலதான். அடுத்த வாரம் வட்டத்துல தொப்பியக் கழட்டிக் கைல வெச்சுக்கிட்டு எழுந்து நின்னாரு. "சிஸ்டர், அன்னிக்கு நான் போட்டுட்டுத்தான் வந்தேன். எனக்குக் கோடு வந்துச்சு, நானும் நம்ம அதிர்ஷ்டம்னு வாய மூடிக்கிட்டேன். அந்தம்மாவுக்கு வரல. எங்கயோ இடிக்குது சிஸ்டர்." சொன்னா தன்னோட நாளெல்லாம் போயிடும்னு தெரிஞ்சும் சொன்னாரு. நல்ல மனுஷன். இப்பல்லாம் என்னப் பாத்தா தொப்பிய மூஞ்சி மேல எறக்கி விட்டுக்கறாரு. ஏன்னுதான் புரியல, அவருக்கு நான் கெடுதல் எதுவும் பண்ணலயே.

அக்காதான் மொத ஆளான்னு கேக்கறீங்க. இல்ல மேடம், நாலாவது. மத்த மூணு பேரும் எண்ணிக்கை முடியப் போற நேரத்துல, இதே மாதிரிதான். ஒருத்தருக்கு வேலை போச்சு, ஒருத்தர வீட்ல சேத்துக்கல, இன்னொருத்தருக்குக் கோர்ட்டுல ஏதோ சிக்கல். ஆனா பாருங்க, மூணு பேரும் தவறாம வர்றாங்க. என் கூடவே உக்காந்து டீ குடிக்கறாங்க. அவங்ககிட்ட இத சொல்லிடாதீங்க, வீணா மனசு கஷ்டப்படுவாங்க.

அக்காவோட பொண்ணு யூனிஃபார்ம் என் டிராயர்ல பத்திரமா இருக்கு. பொண்ணு வளந்துடும்னு மடிப்ப ரெண்டு வெரல் அளவுக்கு உள்ள விட்டுத் தெச்சிருக்காங்க. வேணும்னா எடுத்துக்குங்க. பட்டன் டப்பாவும் வேணுமா? தாராளமா. சாயங்காலத்துக்குள்ள குடுத்துட்டீங்கன்னா போதும், நாளைக்குப் பதிவு பண்ணணும்ல, நாப்பது பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க.

நாப்பது கூட இல்ல, இப்ப முப்பத்தொம்பது. இல்ல இல்ல, நாப்பதேதான். நேத்து ஒரு பொண்ணு புதுசா சேந்திருக்கு. நல்லா வாயடிக்குது, என் கொரல் நல்லா இருக்குன்னு வேற சொல்லுச்சு. இன்னும் கலர் குடுக்கல. அக்கா எடம் சும்மா கெடக்க வேணாமேன்னு, பச்சையக் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன மேடம் நெனைக்கறீங்க, பச்சை அந்தப் பொண்ணுக்குப் பொருத்தமா இருக்கும்ல?