கோடு போடாத வட்டம்

வீட்டுக்கு வந்தவர்களை டீ கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அந்தப் பெண்ணுக்கும் முதல் நாளே கொடுத்தோம். விரட்டியிருக்க வேண்டும். விரட்டியிருந்தால் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, சார்.

பேர் சுகப்பிரியா. சென்னையில் ஏதோ யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சியாம். கம்பெனிகள் வந்த பிறகு ஒரகடம் பக்கத்துக் குடும்பங்கள் எப்படி மாறின என்று எழுதப்போகிறாளாம். அதற்கு இங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஆறு மாதம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மாடு வாங்க வருகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுவான்.

என் மனைவி சந்திரம்மாளோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவாள். வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று எழுதுவாள். போன வாரம் கேட்டதையே இந்த வாரம் வேறு மாதிரி கேட்பாள். போலீஸ் வேலைதான். நீங்கள் மிரட்டிக் கேட்பதை அவள் சிரித்துக் கேட்டாள். பதில் சொல்லி முடித்த பிறகும் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரே இருக்கிறவனுக்குச் சும்மா இருக்க முடியாது. இன்னும் கொஞ்சம் கொட்டிவிடுவான். அந்தத் தந்திரம் எனக்கு இரண்டாம் நாளே புரிந்தது. நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பேச்சைப் பதிவு செய்கிற மெஷினில் எங்கள் வீட்டு ஃபேன் சத்தம்தான் நிறைய இருக்கும்.

"நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது ஐயா. பேரக்கூட மாத்திடுவேன்" என்றாள்.

"என் பேர எதுக்குமா மாத்துற? நான் இன்னா திருடனா?" என்று கேட்டேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.

பிள்ளைகள் எத்தனை என்று முதல் வாரமே கேட்டாள். ஒரே பெண், ஜூலி, ஓடிப்போய்விட்டாள் என்றேன். பதிமூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். சந்திரம்மாள் உடனே உள்ளே போய்ப் பழைய பட்டன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஜூலிக்கு அந்த நம்பர் மட்டும்தான் மனப்பாடம். மகள் என்றைக்காவது கூப்பிடுவாள் என்று சந்திரம்மாள் அதை எந்நேரமும் சார்ஜரில் மாட்டியே வைத்திருப்பாள். ஒரு பழைய போனுக்காக ஒரு பிளக்கையே விட்டுக்கொடுத்தோம்.

சுகப்பிரியா ஒரு பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டு வந்தாள். ஆண் என்றால் முக்கோணம். பெண் என்றால் வட்டம். செத்துப்போயிருந்தால் அதன் மேல் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே அது லேசாகப் புரிந்தது. சந்திரம்மாளுக்குச் சிரிப்பு.

"இன்னாமா இது, எங்க ஜூலிய முட்டையாட்டம் வரைஞ்சி வெச்சிக்கிற? இவரு மட்டும் சரியா கீறாரு. எந்தப் பக்கம் தொட்டாலும் குத்தும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தப்பான தாளை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் நிலத்தைக் கம்பெனிக்கு எடுத்தபோது வந்த பட்டியலில், உயிரோடு இருந்த என் அப்பா சூசைராஜை இறந்தவர் என்று போட்டுவிட்டார்கள். அப்பா தாலுக்கா ஆபீஸ் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். உயிரோடு இருப்பதற்கு சர்டிபிகேட் கொண்டுவா என்றான் அங்கே இருந்தவன். இரண்டு வருஷம் அலைந்தோம். அதிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் வரிவரியாகப் பார்ப்பேன். செத்தவன் செத்தவனாக இருக்க வேண்டும், இருக்கிறவன் இருக்கிறவனாக இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மதியம் அவள் அந்தத் தாளை என் முன்னால் விரித்தாள்.

"ஒரு தடவை பாத்துடுங்க ஐயா. தப்பு இருந்தா நீங்களே திருத்துங்க." பென்சிலையும் கொடுத்தாள்.

மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். தாத்தாவுக்குக் கோடு. ஆயாவுக்குக் கோடு. அப்பாவுக்குக் கோடு, இந்த முறை சரி. வல்லக்கோட்டையில் இருக்கிற தங்கச்சி ரோஸிக்குக் கோடு இல்லை, அதுவும் சரி. எனக்கும் சந்திரம்மாளுக்கும் கீழே ஒரு வட்டம். அதில் கோடு இல்லை.

போட்டேன்.

"வருஷம் ஐயா?" என்றாள், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். எல்லாருக்கும் கேட்பதுதான்.

"ரெண்டாயிரத்து பன்னெண்டு. வைகாசி."

எழுதினாள். முழுசாக எழுதி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது. வழக்கம்போலப் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அது தந்திரம் இல்லை. டீயோடு வந்த சந்திரம்மாள் எங்களுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

ஜூலி கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைனில் இருந்தாள். அதே லைனில் ஜீவானந்தம் என்று ஒரு தெற்கத்திப் பையன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்.

"இன்னா ஆளுங்க அவனுங்க?" என்றேன்.

"அவங்களும் நம்ம மாதிரி சர்ச்சுக்குத்தாம்பா போறாங்க."

"சர்ச்சு ஒண்ணுதான். கல்லறை ரெண்டு."

"நான் கண்ணாலத்தப் பத்திப் பேசுறேன், நீ இன்னாப்பா கல்லறைக்குப் போயிட்ட?" என்று சிரித்தாள்.

சிரித்திருக்க வேண்டாம்.

மறுநாள் அவளுக்கு வீக் ஆஃப். சந்திரம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, வந்து பார் என்று, கம்பெனிக்குப் போகாமல் மிஞ்சியிருந்த துண்டில் இருக்கிற கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். வந்தாள். அப்பா கூப்பிட்டால் வருகிற பெண்தான். குழாய் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். தள்ளினேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று நான்தான் பழக விடவில்லை. மூன்று தடவை அப்பா என்று கூப்பிட்டாள். நான் எங்கேயும் போய்விடவில்லை. சத்தம் அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடிப்போய்விட்டாள் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் யாரும் தேட மாட்டார்கள். பையன் ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தான். உறவில் கட்டிக் கொடுத்துவிட்டோம், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றேன். அழுதான். அந்த மாதமே வேலையை விட்டுப் போனான். அவள் இருக்கிற இடத்துக்குத்தான் போய்விட்டான் என்று ஊரே பேசிக்கொண்டது. நிலமே போன பிறகு கிணறு எதற்கு என்று சொல்லி, தள்ளிய மறுநாளே லாரி மண் அடித்து மூடியிருந்தேன். நியாயம்தான் என்றார்கள். இப்போது அங்கே டிரெய்லர் வண்டிகள் நிற்கின்றன.

அந்தப் பெண் உங்களிடம் வரவில்லை என்கிறீர்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு, டீயைக்கூடத் தொடாமல் போனவள்தான். வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். சந்திரம்மாள் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினாள். திரும்பி வந்து ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கய்யா போட்ட?"

சொன்னேன். செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். நான் தடுக்கவில்லை. அந்த டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் குடித்தேன்.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள் சார். நான் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஓடிப்போனவள் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். என் பெண் யாரோடும் ஓடிப்போகவில்லை. நான் அவளை அப்படி வளர்க்கவில்லை.